டெண்டர் போடும் முன் அந்த அலுவலகத்தின் செலவுக் கணக்கைப் படியுங்கள்

அரசு அலுவலகத்துக்குச் சரக்கு கொடுக்க நினைக்கும் சிறு தொழில்காரர்கள் பலரும் முதல் வேலையாக டெண்டர் தளத்தைத் திறந்து, இன்று என்ன வந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன். முதலில் ஒரே ஒரு அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த மூன்று நிதியாண்டுகளில் அது எதை வாங்கியது, யாரிடம் வாங்கியது, எந்த வழியில், என்ன விலைக்கு, பில்லுக்கு எவ்வளவு நாளில் பணம் கொடுத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். டெண்டர் போடலாமா வேண்டாமா என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

நான் திண்டுக்கல் பக்கம் பினாயில், சோப் ஆயில் தயாரிக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பிளீச்சிங் பவுடர், தென்னை விளக்குமாறு, கையுறை போன்றவற்றை வாங்கியும் விற்கிறேன். அதனால் இங்கே உதாரணமெல்லாம் நகராட்சி சுகாதாரப் பிரிவைச் சுற்றியே இருக்கும். நீங்கள் நாற்காலியோ, பேப்பரோ, பம்பு செட்டோ விற்பவராக இருந்தாலும் வழி இதேதான்.

வாங்குவது யார் என்று முதலில் பாருங்கள்

பொருளைப் பயன்படுத்துகிற அலுவலகமே அதை வாங்குகிறது என்று நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைக்குள் எவ்வளவோ மருந்து செலவாகிறது. ஆனால் பெரும்பகுதியை வாங்குவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருத்துவமனை நேரடியாக வாங்குவது உள்ளூர் கொள்முதல் என்ற சிறு பகுதி மட்டும். கணினி என்றால் எல்காட், அலுவலக மரச்சாமான், இரும்பு பீரோ என்றால் டான்சி என்று பல துறைகள் அரசு நிறுவனங்கள் வழியாகவே வாங்குகின்றன. நீங்கள் விற்கும் பொருள் இப்படி ஒரு மைய நிறுவனம் வழியாகப் போகிறதென்றால், மாவட்ட அலுவலகத்தின் வாசலில் நிற்பதில் பலன் இல்லை. அந்த நிறுவனத்தின் கொள்முதலைத்தான் படிக்க வேண்டும்.

என் தொழிலில் இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. பல மாநகராட்சிகளும் நகராட்சிகளும் தெருப் பெருக்குவது, குப்பை அள்ளுவது ஆகியவற்றைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டன. அரசு மருத்துவமனைகளின் துப்புரவு வேலையும் அப்படித்தான். ஒப்பந்தத்தில் 'தளவாடப் பொருட்கள் உட்பட' என்று இருந்தால் விளக்குமாறும் பினாயிலும் வாங்குவது ஒப்பந்ததாரர்தான். அலுவலகத்தின் கணக்கில் பினாயில் செலவு திடீரென்று ஒரு வருடத்தில் இறங்கியிருந்தால், தேவை குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வாங்குகிற கை மாறியிருக்கலாம். அப்போது நீங்கள் பேச வேண்டியது ஆணையரிடமில்லை, ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஸ்டோர் மேனேஜரிடம்.

மத்திய அரசு அலுவலகங்கள் தனி உலகம். எங்கள் ஊரில் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் மத்திய நிதியில் இயங்குகிறது. ரயில் நிலையம் மதுரைக் கோட்டத்தின் கீழ் வருகிறது. அஞ்சலகம், வருமான வரி அலுவலகம், கேந்திரிய வித்யாலயா எல்லாம் இந்த வகையில் சேரும். இவர்களின் கொள்முதலைப் பார்க்க, மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தையாக 2016-இல் தொடங்கிய ஜெம் தளம்தான் முதல் இடம்.

பட்ஜெட்டில் எந்தப் பத்தியைப் பார்ப்பது

மாநில அரசுத் துறை என்றால் மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் தமிழ்நாடு பட்ஜெட் தளத்தில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. ஒவ்வொரு செலவுத் தலைப்புக்கும் நேராக நான்கு பத்திகள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையாகச் செலவான தொகை, நடப்பு ஆண்டுக்கு முதலில் ஒதுக்கிய தொகை, அதன் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. பேப்பரில் தலைப்புச் செய்தியாக வருவது கடைசிப் பத்தி. நமக்கு வேண்டியது முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும்தான். 'அலுவலகச் செலவுகள்', 'பராமரிப்பு', 'பொருட்களும் வழங்கல்களும்' போன்ற தலைப்புகளில் ஒதுக்கீடு வருடா வருடம் பெரிதாக இருந்து, உண்மைச் செலவு அதில் பாதியைக்கூட எட்டவில்லை என்றால், அந்தத் துறையில் பணம் காகிதத்தில் இருக்கிறது, கைக்கு வருவதில்லை என்று அர்த்தம். இந்தப் புத்தகம் துறை முழுவதற்குமான கணக்கு. உங்கள் ஊர் அலுவலகத்தின் பங்கு அதில் தெரியாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நகராட்சி, மாநகராட்சி என்றால் நிலைமை நன்றாக இருக்கிறது. அதன் வரவு செலவுத் திட்டம் அந்த ஊருக்கு மட்டுமானது. அதில் எந்த நிதியிலிருந்து செலவு போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனியாக இருக்கும். இவற்றோடு மத்திய நிதிக்குழு மானியமும் திட்ட நிதிகளும் வரும். உங்கள் பில் வருவாய் நிதியில் பாஸாக வேண்டுமானால், சொத்துவரி வசூலாகும் வேகத்தில்தான் உங்களுக்குப் பணம் வரும். சம்பளம், ஓய்வூதியப் பங்கு, மின்கட்டணம் எல்லாம் போன பிறகுதான் பினாயில்காரரின் முறை. மானியத்திலிருந்து போகும் செலவு என்றால், மானியத் தவணை வந்த நாளைப் பொறுத்தது. பொருள் ஒன்றாக இருந்தாலும் நிதி மாறினால் காத்திருக்கும் காலம் மாறும்.

மன்றக் கூட்டப் பொருளை வரி வரியாகப் படியுங்கள்

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். நகர்மன்றக் கூட்டத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் அஜெண்டாவில் கொள்முதல் எல்லாம் வரும். சில ஊர்களில் இணையத்தில் போடுகிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் வார்டு கவுன்சிலரிடமே நகல் இருக்கும், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். அதில் ஒரு பொருள் இந்த நடையில் இருக்கும்:

'இந்நகராட்சி பொது சுகாதாரப் பிரிவு தூய்மைப் பணிக்கு அத்தியாவசியமாகத் தேவைப்பட்ட பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்புத் தூள், பினாயில் ஆகியவை அவசர அவசியம் கருதிக் கொள்முதல் செய்யப்பட்ட வகையில் ஏற்பட்ட செலவினத்தை வருவாய் நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் பின்னேற்புக்கு வைக்கப்படுகிறது.'

இந்த ஒரு வாக்கியத்தில் நான்கு தகவல்கள் இருக்கின்றன. 'அவசர அவசியம் கருதி' என்றால் டெண்டர் இல்லை, சிலரிடம் மட்டும் விலை கேட்டு, அதாவது கொட்டேஷனில் வாங்கியிருக்கிறார்கள். 'பின்னேற்பு' என்றால் சரக்கு ஏற்கெனவே இறங்கிவிட்டது, அனுமதி பிறகு வருகிறது. அதாவது சப்ளை கொடுத்தவர் மன்ற ஒப்புதல் வரும்வரை காத்திருந்திருக்கிறார். 'வருவாய் நிதி' எந்தப் பையிலிருந்து பணம் வருகிறது என்று சொல்கிறது. மூன்று சரக்குகளையும் சேர்த்து ஒரே அஜெண்டாப் பொருளாக வைத்திருப்பதால், ஒரே ஆள்தான் மூன்றையும் கொடுத்தாரா என்று தேட வேண்டும்.

இப்படி மூன்று வருட அஜெண்டாக்களை அடுக்கி, கொள்முதல் பொருட்களை மட்டும் தேதியோடு எழுதிப் பாருங்கள். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கொசு, டெங்கு, தேங்கிய தண்ணீர் என்று பிளீச்சிங் பவுடர் கொள்முதல் ஏறும். ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் சுண்ணாம்புத் தூள் போகும். மார்ச் மாதத்தில் நிதியாண்டு முடிகிறதே என்று கடைசி நேர ஆர்டர்கள் வரும். எப்போது கேட்பார்கள் என்று தெரிந்தால், எப்போது மூலப்பொருள் வாங்கி வைக்க வேண்டும் என்றும் தெரியும்.

ஒரே பொருள் ஒரே மாதத்தில் சின்னச் சின்னத் தொகையாகப் பலமுறை வந்திருந்தால் அதையும் குறித்து வையுங்கள். டெண்டர் வரம்புக்குள் வராமல் இருக்கக் கொள்முதலைத் துண்டு போடுவது தணிக்கையில் ஆட்சேபம் எழுப்பும் விஷயம். அப்படி வாங்கும் அலுவலகத்தில் நாளைக்கு ஒரு தணிக்கைத் தடை எழுந்தால், பில் பணம் கிடப்பில் போவது சப்ளையருக்குத்தான்.

டெண்டர் முடிவுகளைப் படிப்பது

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலுக்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவு மறைவின்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டு விதிகளும். ஏற்கப்பட்டவர் யார், மற்றவர்கள் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டார்கள் என்ற விவரத்தை டெண்டர் புல்லட்டினுக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆக முடிவைத் தெரிந்துகொள்வது நமக்கு யாரும் செய்யும் உதவியில்லை, நம் உரிமை.

மாநில அரசின் டெண்டர் தளமான டிஎன்டெண்டர்ஸில் டெண்டர் போடத்தான் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். பார்ப்பதற்கு எதுவும் வேண்டாம். அலுவலகத்தின் பெயரில் தேடி, முடிந்த டெண்டர்களின் நிலையைத் திறந்தால், எத்தனை பேர் போட்டார்கள், தொழில்நுட்பச் சுற்றில் யார் தேறினார்கள், விலை என்ன, யாருக்கு ஆர்டர் என்று படிப்படியாக வரும். எல்லா டெண்டரிலும் எல்லாப் படியும் ஏற்றியிருக்க மாட்டார்கள். இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஈஎம்டி, அதாவது டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையைப் பாருங்கள். மாநில விதிப்படி முன்வைப்புத் தொகை பொதுவாகக் கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே மதிப்பு போடாத டெண்டரில் ஈஎம்டி 10,000 ரூபாய் என்றிருந்தால், குறைந்தது 10 லட்சம் ரூபாய்க் கொள்முதலை மனதில் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அடுத்தது கால அவகாசம். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் என்பது விதி. இந்த அவகாசத்தை அடிக்கடி குறைக்கும் அலுவலகம் என்றால், டெண்டர் வந்த பிறகு ஆவணம் தேட உங்களுக்கு நேரம் இருக்காது.

அதற்குப் பிறகு தள்ளப்பட்டவர்களின் காரணங்கள். ஜெயித்தவரைப் பார்ப்பதைவிட இதில் அதிக நேரம் செலவிடுங்கள். ஆண்டு விற்றுமுதல் போதவில்லை, அனுபவச் சான்று இல்லை, பரிசோதனைச் சாலை அறிக்கை பழையது, ஜிஎஸ்டி ரிட்டர்ன் இணைக்கவில்லை என்று வரும். ஒரே காரணம் மூன்று வருடமும் திரும்பத் திரும்ப வந்தால், அதுதான் அந்த அலுவலகத்தின் உண்மையான வாசற்படி. விற்றுமுதல் நிபந்தனை உங்கள் விற்பனையைவிடப் பெரிதாக இருந்தால் அந்த டெண்டரை இப்போதைக்கு விட்டுவிட்டு, கொட்டேஷன் வழியில் சின்ன ஆர்டர் எடுத்து அனுபவச் சான்று சேர்ப்பதுதான் சரி.

விலை இடைவெளியும் பேசும். மிகக் குறைந்த விலை போட்ட எல்1-க்கும் அதற்கு அடுத்த எல்2-க்கும் நடுவில் ஒன்றிரண்டு சதவீதம்தான் என்றால் அங்கே நெருக்கமான போட்டி இருக்கிறது, லாபம் மெலிசு. மூன்றே பேர், அதே மூன்று பேர், வருடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து ஜெயித்திருந்தால், அது போட்டிதானா என்று யோசிக்க வேண்டும். விலை பேசி வைத்துக்கொண்டு டெண்டர் போடுவது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். 'இந்தத் தடவை நீங்க விட்டுக்கொடுங்க, அடுத்த தடவை உங்களுக்கு' என்று யாராவது போனில் பேசினால், தயவுசெய்து அதில் சேராதீர்கள். அது மக்களின் வரிப்பணம். உங்கள் நிறுவனத்தின் பெயரும் அதோடு சேர்ந்து போகும்.

ஜெம் தளத்தில் வேலை இன்னும் சுலபம். முடிந்த பிட் (விலைப் போட்டி) ஒன்றைத் திறந்தால், தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களும் அவர்கள் போட்ட விலையும் வரிசையாக இருக்கும். ஆனால் சிறு தொகைகளை ஜெம்மில் பிட் இல்லாமல் நேரடியாகவே வாங்கலாம். 2017-ஆம் ஆண்டு பொது நிதி விதிகள் வந்தபோது 50,000 ரூபாய் வரை நேரடிக் கொள்முதல், அதற்கு மேல் 30 லட்சம் வரை விலை ஒப்பிட்டு வாங்குவது, அதற்கும் மேல் பிட் என்று வைத்தார்கள். இந்த வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், அன்றைய நிலவரத்தைத் தளத்திலேயே பாருங்கள். இதன் பொருள், பிட் பட்டியலில் தெரிவது மட்டும் ஒரு அலுவலகத்தின் முழுக் கொள்முதல் இல்லை.

கொட்டேஷனில் போனதைத் தெரிந்துகொள்ள ஆர்டிஐ

கொட்டேஷனில் முடிந்த கொள்முதல் எந்த டெண்டர் தளத்திலும் வராது. என்னைப் போன்றவர்களுக்கு ஏற்ற ஆர்டரே பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இதற்கு 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒன்றே போதும். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஏன் இவரிடம் வாங்கினீர்கள்', 'இந்த விலை நியாயமா' என்று கேட்டால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். சட்டம் ஆவணத்தைக் கேட்கத்தான் உரிமை தருகிறது. நான் எழுதும் மனு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

'2022 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை தங்கள் நகராட்சி பொது சுகாதாரப் பிரிவுக்குப் பினாயில், பிளீச்சிங் பவுடர், விளக்குமாறு ஆகியவை வாங்குவதற்காக வழங்கப்பட்ட சப்ளை ஆர்டர்களின் நகல்கள். அக்கொள்முதல்களுக்கான விலை ஒப்பீட்டுப் பட்டியல்களின் நகல்கள். மேற்படி பொருட்களுக்கான இருப்புப் பதிவேட்டுப் பக்கங்களின் நகல்கள். மேற்படி கொள்முதல்களுக்கான பட்டியல்கள் (பில்கள்) பெறப்பட்ட நாளும் தொகை வழங்கப்பட்ட நாளும் பதியப்பட்டுள்ள பதிவேட்டுப் பக்கங்களின் நகல்கள்.'

நகல் அதிகமாகும் என்றால் ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு இதுதான் பிடிக்கும். பதிவேட்டைப் புரட்டும்போது நகலில் வராத பல விஷயங்கள் கண்ணில் படும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் நாலு வார்த்தை பேசவும் முடியும். ஒரு முறை வயதான எழுத்தர் ஒருவர், 'தம்பி, வரவுக் கணக்கையே பாத்துட்டு இருக்கீங்களே, வழங்கல் பக்கத்தைப் பாருங்க' என்றார். அது எவ்வளவு சரியான யோசனை என்று அன்றே புரிந்தது. வரவுப் பத்தி எவ்வளவு வாங்கினார்கள் என்று சொல்லும். வழங்கல் பத்திதான் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று சொல்லும். மார்ச்சில் மொத்தமாக வாங்கிய சரக்கு ஆகஸ்ட் வரை இருப்பில் இருந்தால், ஜூன் மாதம் நீங்கள் போய் நின்று பயனில்லை.

மனுவில் உங்கள் நிறுவனத்தின் பெயரை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. நடையில் மட்டும் மரியாதை இருக்கட்டும். நாளைக்கு அதே மேஜையில்தான் உங்கள் பில்லும் வந்து உட்காரப் போகிறது.

விலையை விலையோடு ஒப்பிடாதீர்கள்

கையில் மூன்று வருட விலை வந்துவிட்டது. பினாயில் லிட்டர் ஒரு ஆர்டரில் ஒரு விலை, அடுத்ததில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்த்த உடனே ஊழல் என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், தர விவரத்தைப் பாருங்கள். ஐஎஸ் 1061 தரத்தில் பினாயில் போன்ற கிருமிநாசினிகளின் கொல்லும் திறனை ஆர்டபிள்யூசி என்ற எண்ணால் சொல்வார்கள். முதல் தரத்துக்கு அது 18, இரண்டாவதற்கு 10, மூன்றாவதற்கு 5. மூன்றாம் தரத்தையும் முதல் தரத்தையும் லிட்டர் விலையில் ஒப்பிட்டால் கணக்கே தப்பு. பிளீச்சிங் பவுடரிலும் இதே கதை. மூட்டை எடை ஒன்றாக இருந்தாலும் அதில் கிடைக்கும் குளோரின் எத்தனை சதவீதம் என்பதுதான் விலை. அதுவும் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் நாளாக நாளாக இறங்கிக்கொண்டே போகும்.

ஆகவே நோட்டில் விலைக்குப் பக்கத்தில் தரம், பேக்கிங் அளவு, வரி சேர்த்ததா சேர்க்காததா, எங்கே இறக்க வேண்டும் என்று நான்கு கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மைய ஸ்டோரில் ஒரே இடத்தில் இறக்குவதற்கும், ஒவ்வொரு சுகாதார ஆய்வாளர் அலுவலகத்திலும் பிரித்து இறக்குவதற்கும் வண்டி வாடகையும் இறக்குக் கூலியும் நிறைய வித்தியாசப்படும்.

தரம் எதுவுமே எழுதாமல் வெறும் 'பினாயில், நல்ல தரம்' என்று டெண்டர் விட்டிருந்தால், தண்ணீர் கலந்த சரக்குக்காரர்தான் எல்1 வருவார். அந்த அலுவலகத்தில் தரமான சரக்கோடு விலையில் மோத முடியாது. ஒன்று செய்யலாம்: அடுத்த கொள்முதலுக்கு முன்பே சுகாதார அலுவலரைப் பார்த்து, தர எண்ணைக் குறிப்பிடும்படி எழுத்தில் கேளுங்கள். தரம் எழுதினால் அவர்களுக்கும் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு பிடிமானம் கிடைக்கிறது. எந்தக் கம்பெனியின் பெயரையும் சேர்க்கச் சொல்லாமல் பொதுத் தரத்தை மட்டும் கேட்பது முறையான கோரிக்கை.

பணம் வரும் நாள்

எல்லாவற்றையும்விட இதுதான் ஒரு சிறு சப்ளையரை வாழவைக்கும், அல்லது மூடவைக்கும். பில் கொடுத்த நாளுக்கும் பணம் வந்த நாளுக்கும் இடையே எவ்வளவு என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் எழுதி, அதில் மோசமானதை வைத்துக் கணக்குப் போடுங்கள். சராசரியை வைத்துப் போடாதீர்கள்.

உதாரணத்துக்கு, வரி நீங்கலாக 4 லட்சம் ரூபாய் ஆர்டர். உங்கள் அடக்கம் 3,52,000, லாபம் 48,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் ஓவர்டிராஃப்ட் (ஓடி) கணக்கில் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி என்றால் மாதம் 3,520 ரூபாய். எட்டு மாதம் இழுத்தால் 28,160 வட்டிக்கே போய்விடும். மீதி 19,840. இது வரியைக் கணக்கில் எடுக்காமலே. 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாயில், வாங்கும்போது கட்டிய வரி போக மீதியை அலுவலகம் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உரிய மாதத்தில் நீங்கள் கட்டியாக வேண்டும். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டுவதால் பணம் கொடுக்கும்போது 2 சதவீதம் ஜிஎஸ்டி டிடிஎஸ் பிடிப்பார்கள். அது ஜிஎஸ்டி தளத்தில் உள்ள உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டுக்குத் திரும்பும், ஆனால் அந்த 8,000 ரூபாய் அன்றைக்குக் கையில் இருக்காது. பாதுகாப்பு வைப்புத் தொகையும் ஒப்பந்தம் முடியும்வரை அங்கேதான். ஆக, 12 சதவீத லாபம் பார்க்கும் ஆர்டர் எட்டு மாதத் தாமதத்தில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அலுவலகம் எத்தனை மாதம் எடுக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த வட்டியை விலையிலேயே வைத்திருக்கலாம். அந்த விலைக்கு ஆர்டர் வராது என்றால் விலகியிருக்கலாம்.

2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளம் வழியாக அரசுத் துறைகள் மீதும் மனு போடலாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உத்யம் என்ற குறு, சிறு தொழில் பதிவைச் சரக்குக் கொடுப்பதற்கு முன்பே எடுத்திருப்பதுதான் பாதுகாப்பு. வெறும் வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. என் பினாயிலுக்கு உண்டு, வாங்கி விற்கும் விளக்குமாறுக்கு இல்லை. மத்திய அரசின் கொள்முதல் கொள்கையிலும் இதே பிரிவினைதான். ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும். அதில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 4, பெண்களுக்கு 3 சதவீதம். எல்1 பெரிய நிறுவனமாக இருந்து உங்கள் விலை அதற்கு 15 சதவீதத்துக்குள் இருந்தால், அந்த விலைக்கு இறங்கிவந்து ஒரு பங்கு ஆர்டர் வாங்கலாம். எனவே நோட்டில் பொருட்களை 'நான் தயாரிப்பது', 'நான் வாங்கி விற்பது' என்று இரண்டாகப் பிரித்து வையுங்கள். மத்திய அலுவலகங்களில் முதல் வகையை முன்னால் வைத்துப் போங்கள்.

நோட்டை வைத்து முடிவெடுப்பது

நான் மூன்று விஷயங்கள் ஒன்றாக இருந்தால்தான் இறங்குவேன். என் பொருளை அந்த அலுவலகம் மூன்று வருடமும் வாங்கியிருக்க வேண்டும். தர விவரம் எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது எழுத வைக்க முடியும் என்ற நம்பிக்கை வேண்டும். மிக மோசமான பில் தாமதத்திலும் என் ஓடி தாங்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இல்லையென்றால் டெண்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கை வைக்க மாட்டேன். மூன்றும் இருந்தால் கொட்டேஷனில் சின்ன ஆர்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, சொன்ன தேதியில் இறக்கி, பில்லோடு டெலிவரி சலானில் ஸ்டோர் கையெழுத்தும் இருப்புப் பதிவேட்டுப் பக்க எண்ணும் வாங்கி இணைப்பேன். பக்க எண் இல்லாத பில் மேஜைக்கு மேஜை திரும்பிக்கொண்டே இருக்கும்.

முதல் அலுவலகம் சரிப்படவில்லை என்றால் பக்கத்திலேயே வேறு அலுவலகங்கள் இருக்கின்றன. அரசு விடுதிகள், போக்குவரத்துக் கழகப் பணிமனைகள், அறநிலையத்துறைக் கோயில்கள், பேரூராட்சிகள் எல்லாம் இதே பொருளைத்தான் வாங்குகின்றன. பேரூராட்சியிலும் மன்றக் கூட்டம் உண்டு, அஜெண்டா உண்டு. கோயில் என்றால் செயல் அலுவலரிடம் தொடங்கலாம். ஒரு அலுவலகத்துக்கு எழுதிய நோட்டை அருகில் வைத்துக்கொண்டால் இரண்டாவது அலுவலகத்துக்கு வேலை பாதியாகக் குறையும். ஏனென்றால் டெண்டர் போடுகிறவர்களின் பெயர்களில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கும்.